கறுப்புக் கல்லில் பத்து எண்ணிக்கை

ரெண்டு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. சிகாமணி கொய்யா மரத்து நிழலில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து நாலு கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பத்து மணிக்கு அவரே வந்து, வீட்டுக்குப் பின்னால் மட்டம் பண்ணி வைத்திருந்த வெறும் மண்ணில் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனவை. மஞ்சள் தாண்டூர், பச்சையும் சாம்பலும் கலந்த கோட்டா, தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய வெள்ளை கிரானைட், கடைசியில் அந்தக் கறுப்பு. ஒவ்வொன்றும் நாலு மணி நேர வெயிலைத் தின்றிருந்தது. இது அவருடைய வழக்கம். கோயமுத்தூரைச் சுற்றி முப்பது வருஷமாகத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறார், கொரியன் புல்லா, மூங்கிலா, பெருங்கள்ளியா, அதையெல்லாம் வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார், தரைக்குப் போடுகிற கல்லை மட்டும் விடமாட்டார். கல் கடையில் போய்க் கல்லைத் தேர்ந்தெடுக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். அங்கே மேலே விளக்கு, பக்கத்தில் ஏசி, கல் கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். அது வாழ்க்கைப்படப் போகிற இடம் வேறு. எந்த இடத்தில் பதிக்கப்போகிறோமோ அந்த இடத்திலேயே காலையில் போட்டுவிட வேண்டும், ரெண்டு மணிக்கு வந்து வெறுங்காலோடு ஏறி நின்று பத்து எண்ண வேண்டும். பத்து எண்ணுகிறவரைக்கும் நிற்க முடிந்தால் வீட்டுக்கு ஆகும், முடியாவிட்டால் கல்லறைக்கு ஆகும், இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்காரர்களை ஏற விடமாட்டார். அவர்கள் கால் ஷூவுக்குள் வளர்ந்த கால், கம்பளத்தில் நின்றாலும் சுடுகிறது என்பார்கள், அல்லது ஆசைப்பட்ட கல்லாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சுடவே இல்லை என்பார்கள். சிகாமணி கால்தான் மீட்டர். கட்டட இன்ஜினியர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள், அந்தாள் காலுதான்பா மீட்டர், அவன் நின்னுட்டான்னா போட்டுரு.

கால் செருப்புக்குள் இருந்தது. கனமான தோல் செருப்பு, பின்னால் வார் வைத்தது, டாக்டர் சொல்லி வாங்கியது. வீட்டுக்குள்ளேகூட இதைக் கழற்றக் கூடாது என்று அவர் சொன்னார், பாத்ரூமுக்குப் போனாலும் போட்டுக்கொண்டு போங்கள் என்று. வீட்டுக்குள் செருப்பா, அதுவும் அடுப்படிக்குள் செருப்பா, மனைவி லோகநாயகி பார்த்தால் என்ன சொல்வாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும், அது பதினோரு வருஷமாக வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருக்கிறது, அதற்கென்று தனிச் சாப்பாடு, தனி மாத்திரை டப்பா. கால் சங்கதிதான் தெரியாது. தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் காலையே பார்த்தாள். "இதென்ன ஒத்தச் செருப்போட வர்றீங்க, இன்னொண்ணு எங்க?" குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விழுந்தது, எத்தனை தூரம் அப்படியே வந்தார், ரோட்டில் ஊன்றி ஊன்றி சிக்னலில் நின்றிருக்கிறாரே, தார் ரோடு. கோயிலில் தொலைந்துபோயிற்று என்று வாயில் வந்ததைச் சொன்னார். "கோயில்ல ஒத்தச் செருப்பையா திருடுவாங்க, அவனுக்கென்ன ஒத்தக் காலா?" அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், சிரித்து முடித்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அவர் காலைப் பார்த்தாள். அதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் பாத்ரூம் சிமெண்டுத் தரையில் மூன்று ரத்தப் பொட்டு. யாருடையது இது என்று பார்த்தார். நாலாவது பொட்டு அவர் கண் முன்னாலேயே விழுந்தது. காகிதப்பூ முள், முந்தின நாள் சூலூர் பக்கம் ஒரு பங்களாவில் வெட்டிய செடியின் முள், குதிகாலில் முழுசாக ஏறி ராத்திரி முழுக்க அவரோடு படுத்துத் தூங்கியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். தரையைத்தான் முதலில் கழுவினார்.

ஒன்பது நிமிஷம். சமையலறை ஜன்னலிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது, கூடவே வீட்டுக்காரப் பெண் மைதிலியின் குரல். "ஏனுங்கண்ணா, வெயில்ல குந்திட்டிருக்கீங்க, உள்ள வந்து ஃபேன் கீழ உக்காருங்களே." நிழல்லதானுங்க அம்மிணி இருக்கேன் என்றார். "மோராவது குடிங்க." சர்க்கரை போடாம குடுங்க என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். "மோருக்கு யாராச்சும் சர்க்கரை போடுவாங்களா?" என்று அவள் உள்ளே சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற பெண், புருஷன் மஸ்கட்டில், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தைக்கு ஓடுவதற்காகத்தான் இந்தப் பின்பக்கத் தரையே. செருப்புப் போட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் கழற்றி வீசிவிடுகிற குழந்தை, வந்த முதல் நாளே ஒரு செருப்பு சிகாமணி மடியில் வந்து விழுந்தது. மைதிலிக்குக் கறுப்புத்தான் வேண்டும். ஃபோனில் ஏதோ படம் பார்த்துவிட்டாள், கறுப்புத் தரை, ஓரத்தில் பச்சைப் புல், நடுவில் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. கறுப்பு சுடும் அம்மிணி என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், முப்பது வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொன்னார். கடப்பாக் கறுப்பு தோசைக்கல்லுக்கு அண்ணன் என்பார். ஆனால் இது வெறும் கறுப்பு இல்லையே. மேலே ஏதோ பூச்சுப் பூசி வருகிறது, வெயிலை உள்ளே விடாத பூச்சு, கல் வியாபாரி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சிகாமணி நம்பவில்லை. வியாபாரி சொல்வதை நம்புகிறவரா அவர், சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் போட்டு, ரெண்டு மணிக்கு ஏறி நின்று, பத்து எண்ணி, பதினைந்து எண்ணி, இருபதும் எண்ணிவிட்டுத்தான் நம்பினார். சுடவே இல்லை. அடேயப்பா, காலம் எங்கே போய்விட்டது, கல்லுக்கே குடை பிடித்துவிட்டானே என்று அன்றைக்கு வழியெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். முழு முற்றத்துக்கும் அதையே போட்டுக் கொடுத்தார்.

போன வாரம் அந்தச் சரவணம்பட்டி வீட்டுப் பெண் ஃபோன் செய்தாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணா, நீங்க நின்னு காமிச்சீங்களே." அவளுடைய மாமியார் வடகம் காயப்போட வெறுங்காலோடு போயிருக்கிறார், ரெண்டு உள்ளங்காலும் கொப்புளம், நடக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். இந்த வருஷம் வெயில் ரொம்ப அதிகமுங்க என்றார் சிகாமணி. வயசானவங்க தோல் மெல்லிசா இருக்குமுங்க என்றார். மேலே பந்தல் போட்டுத் தர்றேன் என்றார். ஒரு ஃபோனில் மூன்று பதில், மூன்றும் உடனுக்குடன் வந்தன, அதுதான் அவருக்குப் பிறகு உறுத்தியது. உண்மையைச் சொல்கிறவன் கொஞ்சம் யோசித்துத்தானே சொல்வான். தோல் மெல்லிசு என்பது பொய்யில்லை. வெயில் அதிகம் என்பதும் பேப்பரில் வந்ததுதான். பூச்சு வேலை செய்கிறது, அந்தம்மாவின் தோல் மெல்லிசு, அதனால் கொப்புளம், கதை முடிந்தது. இல்லாவிட்டால் பூச்சு என்பது வெறும் ஏமாற்று, கல் கல்லாகத்தான் சுட்டது, அவர் இருபது எண்ணுகிறவரைக்கும் அவர் காலையும் சுட்டது, கால்தான் வந்து சொல்லவில்லை. ரெண்டில் ஒன்று. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாக நடந்துகொண்டிருக்கிறார். பூச்சு நல்ல பூச்சாக இருக்க வேண்டும் என்று ஒரு கல் வியாபாரிக்காக அவர் இத்தனை வேண்டிக்கொண்டதே இல்லை. டாக்டர்கூடப் பரவாயில்லை என்றுதான் சொன்னார். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை உள்ளங்காலுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்குங்க, நான் தொடறப்ப ஆமான்னு சொல்லுங்க என்றார். சிகாமணி மூடினார், முழுசாக மூடவில்லை. கீழ் இமையோரம் ஒரு கீற்று விட்டுவைத்தார். அதில் டாக்டரின் முழங்கை தெரிந்தது. முழங்கை முன்னால் வந்தால் ஆமா. பின்னால் போனால் சும்மா இருந்தார். பத்துக்கு எட்டு என்றார் டாக்டர். ரெண்டை அவரே வேண்டுமென்று விட்டுக்கொடுத்தார், பத்துக்குப் பத்து வாங்கினால் சந்தேகப்படுவார்கள் என்று. ஐம்பத்திநாலு வயதில் பரீட்சையில் காப்பி அடித்து பாஸ் பண்ணி, பஸ் ஸ்டாப்பில் நின்று சந்தோஷப்பட்டார்.

கை இருக்கிறதே. குனிந்து கையை வைத்தால் அரை நொடி, எல்லாம் தெரிந்துவிடும். கை நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் காபி டம்ளர் சுட்டது, துண்டு வைத்துப் பிடித்தார். சரவணம்பட்டியில் ஏன் கையை வைத்துப் பார்க்கவில்லை. தோன்றவில்லை. இந்த ஒரு வாரத்தில் தோன்றியதே, ஸ்கூட்டரில் ஏறிப் போய் ஒரு மத்தியானம் அந்த முற்றத்தில் கையை வைத்துவிட்டு வந்தால் என்ன. வேலை இருந்தது. பல்லடத்தில் புல் இறக்க வேண்டியிருந்தது, சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. இன்றைக்கு அதே கல் இதோ பதினைந்தடியில் கிடக்கிறது, எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், மைதிலி இன்னும் வெளியில் வரவில்லை, யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது தொடைக்குக் கீழே போய் டப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லாமலே போயிருந்தது. ஆறு நிமிஷம். கல் பதிக்கும்போது வீட்டிலிருந்து வெளியே வாட்டம் விட வேண்டும், பத்தடிக்கு ஒன்றரை இன்ச்சாவது, இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கதவுக்கு வரும், இங்கே மேற்கே விடலாம், மேற்கே வாழை வைத்தால் தண்ணீர் வீணாகாது. வாழை என்று நினைத்தவுடன் மனசு கொஞ்சம் ஆறியது. செடி நடுவதற்குக் கால் வேண்டியதில்லை. செடி மட்டும் பார்த்துக்கொண்டு கல்லை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால் என்ன. சிகாமணி கல்லைத் தொட மாட்டேங்கிறாரே ஏன் என்று கேட்பார்கள். வயசாச்சு என்று சொல்லலாம். அடுத்த வீட்டில் கேட்பார்கள், அதற்கடுத்த வீட்டில். பொய் ஒன்று நட்டால் அதற்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

"மணி ஆச்சுங்கண்ணா" என்று மோர் டம்ளரோடு மைதிலி வந்துவிட்டாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து, வார் கழற்றி, செருப்புகளை ஜோடியாக நிழலில் வைத்தார். மண்ணில் கால் வைத்தார். மண் என்று தெரிந்தது. தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி, ஆனால் மண்தான். முதலில் மஞ்சள். ஏறி நின்றதும் சுருக்கென்றது. இருந்தது, சூடு இருந்தது, நிச்சயமாக, உள்ளங்காலிலிருந்து ஏறிக் கணுக்கால் வரை வந்தது, அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, இதோ தெரிகிறதே, வீணாகப் பயந்துகொண்டிருந்தோமே. ஏழு எண்ணி இறங்கினார். "மஞ்சள் ஓரளவுக்கு சுடுமுங்க. சாயங்காலம் சீக்கிரம் ஆறிரும்." அவள் தலையாட்டினாள். கோட்டாவின் சூடு வேறு மாதிரி, முதலில் ஒன்றும் தெரியாது, நாலு எண்ணின பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டு போகவே போகாது, அதுவும் அப்படியே வந்தது, நாலு எண்ணின பிறகு. கிரானைட்டில் சூடு புள்ளி புள்ளியாகக் குத்தும், சொரசொரப்பின் முனைகள் மட்டும் சுடும், குத்தியது. "இது பாப்பாவுக்கு நல்லதுங்க, வழுக்காது, சூடும் தாங்கும்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. நாலு எண்ணின பிறகு என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். புள்ளி புள்ளியாக என்று தெரியும். இந்த மூன்று கல்லின் சூட்டையும் அவர் இருபத்தஞ்சு வயதிலிருந்து அறிவார், கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் படுத்துக்கொண்டே கோட்டாவை நினைத்தால் உள்ளங்காலில் கோட்டா வரும். இப்போது சுடுகிறதா, சுடும் என்று தெரிந்ததால் சுடுகிறதா. கால் சொல்லித் தலைக்குத் தெரிந்ததா, தலை சொல்லிக் காலுக்கா. திரும்பவும் கிரானைட்டில் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றியது, ஏறினாலும் தலையையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கறுப்பு ஒன்றுதான் தலைக்குத் தெரியாத கல். பூச்சு பூசினது. அது எப்படிச் சுடும் என்று அவரிடம் பழைய கணக்கு எதுவும் இல்லை.

ஏறினார். வலது காலை முதலில் வைத்தார், பிறகு இடது. ஒன்று. ஒன்றும் இல்லை. ரெண்டு. வழவழப்பு இல்லை, சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை, கல்லே இல்லாத மாதிரி இருந்தது, யாரோ அவரை ஒரு விரற்கடை உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. மூன்று. பூச்சு நல்ல பூச்சு. நாலு. கல்லுக்கு அப்பால் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. கொய்யா மரத்திலிருந்து கிளம்பிச் சுவரைப் பார்த்துப் போகிற வரிசை, மஞ்சளுக்கும் கோட்டாவுக்கும் நடுவில் நேராகப் போயிருக்கலாம், போகவில்லை, நாலு கல்லையும் தள்ளி வைத்துப் பெரிய சுற்றாகச் சுற்றிப் போயின, கறுப்பை மட்டும் இன்னும் ஒரு முழம் தள்ளி. ஐந்து. எறும்புக்குப் பூச்சு தெரியாது. ஆறு. எறும்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வது டாக்டரின் முழங்கையைப் பார்ப்பது மாதிரிதான், அவர் கண்ணை எடுத்து மேலே பார்த்தார், கொடியில் குழந்தையின் பாவாடை காய்ந்து அட்டை மாதிரி நின்றது. ஏழு. அந்தம்மா வடகத்தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருப்பாரா, அந்த வயதில் ஓட முடியுமா, முற்றம் இருபதடி, வயசானவர்கள் எட்டு எட்டாக வைத்தால் எத்தனை எட்டு. எட்டு. ஒன்பது. நல்ல பூச்சு, நல்ல பூச்சு. பத்து. பதினொன்று. இறங்க ஒரு காரணம் வேண்டுமே, சுட்டால்தானே இறங்க முடியும். பன்னிரண்டு.

"பத்து ஆயிருச்சுங்களாண்ணா?"

"பதினாலு."

"சுடலீங்களா?"

"நிக்கறேனுங்களே" என்றார். அது பொய்யில்லை.

மைதிலி கைதட்டாத குறைதான். "அதானே! சுட்டா இவ்வளவு நேரம் நிப்பீங்களா? பாப்பாவோட அப்பாதான் கறுப்பு கொதிக்கும் கொதிக்கும்னு அங்கிருந்து ஒரே பாட்டு. இருங்க, அப்படியே நில்லுங்க, வீடியோ எடுத்து அனுப்பறேன். அந்த ஆளு வாயை இன்னிக்கு மூடறேன்." ஃபோனை நீட்டிப் பிடித்தவள் ஏதோ தோன்றி இறக்கினாள். "பாப்பாவையும் நிக்க வெச்சு எடுக்கறேன், அப்பத்தான் நம்புவாரு. பாப்பூ! ஓடியா கண்ணு, வந்து மாமா பக்கத்துல நில்லு."

சமையலறை வாசலில் குழந்தை தெரிந்தது. கையில் பாதி தின்ற வெள்ளரிக்காய், காலில் ஒன்றும் இல்லை. ஒரு படி இறங்கியது.

"வராதே!"

இத்தனை சத்தம் தனக்குள் இருந்தது சிகாமணிக்கே தெரியாது. கொய்யா மரத்து மைனாக்கள் எழுந்து போயின. குழந்தை அந்தப் படியிலேயே நின்று, அழலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தது.

"ஏனுங்கண்ணா?" மைதிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாப்பாவை எதுக்கு அப்படி அதட்டறீங்க?"

"நீங்க கை வெச்சுப் பாருங்க அம்மிணி. புறங்கையை வைங்க. சும்மா தொட்டுட்டு எடுத்துருங்க."

"நீங்கதான் நிக்கறீங்களே."

"வெச்சுப் பாருங்க."

அவள் குனிந்து அவர் காலுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். வைத்ததுதான் தெரிந்தது, எடுத்தது தெரியவில்லை. "அப்பப்பா! என்னங்கண்ணா இது, இப்படிக் கொதிக்குது!"

"கொதிக்குதுங்களா?" என்று கேட்டார் சிகாமணி.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலீங்க அம்மிணி" என்றார். ஒரு தடவை வாயை விட்டு வந்துவிட்டதா, அதற்கப்புறம் லேசாக இருந்தது, குழாயில் அடைப்பு எடுத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. "கால்ல ஒண்ணும் தெரியறதில்ல. எப்ப இருந்துன்னு கேட்டீங்கன்னா அதுவும் தெரியல. சர்க்கரைங்க. டாக்டர் கண்ண மூடச் சொன்னாரு, நான் மூடாம ஏமாத்திட்டேன். மஞ்சள் சுடுதுன்னு சொன்னனே, அதையும் நம்பாதீங்க, மூணையும் நீங்களே கை வெச்சுப் பார்த்துக்குங்க. சரவணம்பட்டில ஒரு வீட்டுல இதே கல்லு மேல நின்னு இருவது எண்ணிப்போட்டு முத்தம் பூரா பதிச்சுக் குடுத்துட்டேன். ஒரு வயசான அம்மா கால் கொப்புளிச்சுக் கிடக்குது. வெயில் அதிகம்னு வெயில் மேல பழியப் போட்டேன். அதை மொத்தமா பேத்து எடுத்துட்டு வேற போட்டுத் தரணும், நாளைக்கே போகணும். வீட்டுல சொல்லோணும் மொதல்ல. அவகிட்ட சொன்னா அழுவா, அதுக்குத்தான் சொல்லல. இல்லீங்க, அழுவான்னு இல்ல, சொல்லிட்டா அது நெசமாயிரும்னு..."

"அண்ணா." மைதிலி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் அப்புறம் பேசலாம். மொதல்ல கீழ இறங்குங்க."

சிகாமணி குனிந்து பார்த்தார். ரெண்டு காலும் இன்னும் கறுப்பின் மேலேயேதான் இருந்தன.